பார்க்காத ஏழு வெள்ளிக்கிழமைகள்

தம்பிக்கு, அக்காவின் ஸலாம்.

நீயும் அத்தாவும் வாளி, பூட்டு, சாப்பாட்டுத் தட்டு எல்லாம் வாங்க பஜாருக்குப் போயிருக்கிறீர்கள். நீங்கள் திரும்பி வருவதற்குள் இதை எழுதி முடித்து உன் பெட்டியில் சட்டைகளுக்கு அடியில் வைத்துவிட வேண்டும். வெளியூர் போகும் பிள்ளைக்கு இப்படி ஒரு கடிதம் எழுத வேண்டியது அம்மாதான். அம்மா மௌத்தானபோது உனக்கு ஆறு வயது, எனக்குப் பதினொன்று. அதன்பிறகு நம் வீட்டில் இருந்து பார்த்துக்கொண்ட சின்னம்மாவும் கல்யாணமாகிப் போனதும், ஒன்பதாம் வகுப்பின் பாதியில் நான் பள்ளியிலிருந்து நின்றேன். அன்றிலிருந்து உனக்குத் தலை சீவியது, சோறு போட்டது, காய்ச்சலுக்குக் கஷாயம் கொடுத்தது எல்லாம் நான்தான். அதனால் இந்தக் கடிதமும் என் வேலை என்று எடுத்துக்கொள்கிறேன். நான் நின்ற அதே ஒன்பதாம் வகுப்பில் நீ நாளை விடுதியில் சேரப் போகிறாய். உன்னிடம் நேரில் சொல்லலாம் என்று நான்கு நாளாக முயன்றேன், முடியவில்லை. யாராவது எதிரே வந்து நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது உனக்குத் தெரியும். உன் எதிரிலும் அப்படி ஆகிவிட்டது இந்த நான்கு நாளில்தான்.

பள்ளியை விட்ட புதிதில் மதியம் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பாத்திரம் கழுவியாகிவிடும், அத்தா கடையில் இருப்பார்கள், நீ வர நேரமிருக்கும். திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்ட அறிவியல் புத்தகத்தைப் பிரித்து, பாடத்தை விட்டுவிட்டு, கட்டம் போட்ட இடங்களை மட்டும் படிப்பேன். வீட்டிலேயே செய்து பார்க்கச் சொல்லும் பகுதிகள் அவை. மஞ்சள் கரைத்த தண்ணீரில் காகிதத்தை நனைத்துக் காயவைத்துச் சோப்புத் தண்ணீரைத் தொட்டேன், சிவந்தது. எலுமிச்சை பிழிந்தேன், மறுபடி மஞ்சளானது. கறிக்கு அரைக்கிற மஞ்சளுக்குள் இப்படி ஒரு குணம் இருந்திருக்கிறதே என்று அன்று முழுக்க எனக்கு ஒரு சந்தோஷம். பிறகு ஒரு நாள் சாமான் அறைக்குள் அரிசி எடுக்கப் போனபோது, தகரக் கதவில் இருந்த ஆணி ஓட்டை வழியாக நம் தெரு முழுவதும் எதிர்ச் சுவரில் தலைகீழாகத் தெரிவதைப் பார்த்தேன். நீ பள்ளியிலிருந்து வந்ததும் உன்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன். உனக்கு அப்போது ஒன்பது வயது. சுவரில் ஒரு ஆடு கால் மேலே, முதுகு கீழே என்று நடந்து போனது. நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அது விழுந்துராதா?" என்று கேட்டாய். நாம் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு மாமி என்னமோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள்.

அந்த நாட்களைப் பற்றி நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்ந்து செய்தோம் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால் நீ தொடங்குவாய், நான் முடிப்பேன். காகிதத்தில் எட்டு முகமுள்ள உருவம் மடிக்கும்போது உன் மடிப்பு கோணலாகப் போகும். "குடு, நான் பண்றேன்" என்று உன் கையிலிருந்து வாங்கிவிடுவேன். கம்பியை வளைத்துச் சோப்புப் படலம் எடுக்கும்போதும் அப்படித்தான். உன் பள்ளி வீட்டுக்கணக்கு கூட, நீ விளையாடப் போன நேரத்தில் பென்சிலில் நானே போட்டு வைத்துவிடுவேன். நீ அதன்மேல் பேனாவால் எழுதுவாய். உனக்கு உதவுகிறேன் என்று சொல்லிக்கொண்டேன். அது உதவி இல்லை தம்பி. எனக்கு ஆசையாக இருந்தது. உன் நோட்டில் எழுதினால்தான் ஒரு வாத்தியார் அதைத் திருத்துவார், ஓரத்தில் 'நன்று' என்று போடுவார். அந்த 'நன்று' எனக்கு வேண்டியிருந்தது.

சூரியன் விஷயமும் அப்படித்தான் ஆரம்பித்தது. நோன்பு இருபத்தொன்பதாம் நாள் அந்தியில் தெருவே மொட்டை மாடியில் பிறை பார்க்க நிற்கும். நமக்கு மேற்கே மலை இவ்வளவு உயரமாக நிற்கும்போது மெல்லிய பிறை எங்கே தெரியும்? கம்பம் ஊர்க்காரனுக்கு மலைக்கு அந்தப் பக்கம்தான் பிறை என்று எல்லோரும் கேலி பேசுவார்கள். ஒரு வருடம் உன் கூட்டாளிகள் "தெரிஞ்சிருச்சு, தெரிஞ்சிருச்சு" என்று கத்தினார்கள். அத்தா எதிர் மாடியிலிருந்து, "ஏலே, கொம்பு எந்தப் பக்கம்டா இருந்துச்சு?" என்று கேட்டதும் ஒருவன் இடது என்றான், ஒருவன் வலது என்றான். மலைமேல் போகிற மெட்டுச் சாலையில் ஏறிய ஜீப்பின் விளக்கு அது. அன்று மலையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றதால், சூரியன் எந்த இடத்தில் இறங்கியது என்பது என் மனதில் பதிந்துவிட்டது. சில வாரம் கழித்துத் துணி எடுக்கப் போனபோது அது வேறு இடத்தில் இறங்கியது. பூமி சாய்ந்திருப்பதைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். ஆனால் நம் வீட்டுத் துணிக்கொடிக்கு நேராக அது நடக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மீந்த பெயிண்டால் இரண்டு கால்தடம் வரைந்தோம், எப்போதும் அதே இடத்தில் நின்று பார்ப்பதற்காக. கைப்பிடிச் சுவரில் கரித்துண்டால் நீ மலையை வரைந்தாய். மேடும் பள்ளமுமாக, படுத்திருக்கிற நாய் மாதிரி இருந்தது. மறுநாள் நீ பள்ளிக்குப் போனதும் ஈரத்துணியால் அதை அழித்துவிட்டு நான் நேர்த்தியாக வரைந்தேன். நீ வந்து பார்த்துவிட்டுப் பந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். வெள்ளிக்கிழமைதோறும், சூரியன் மலையைத் தொட்டுப் பாதி மறைந்ததும் இடத்தைக் குறிப்போம். கையை நேராக நீட்டி விரல்களை முஷ்டியாக மூடினால் அது மறைக்கிற அகலம் ஏறக்குறைய பத்து பாகை என்று படித்திருந்தேன். என் முஷ்டிக்கு நான்கு வந்த தூரம் உன் முஷ்டிக்கும் நான்கு வந்தது. உன் கை சின்னதுதானே, எப்படி என்று கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள் நீயே உன் கையை நீட்டிப் பார்த்து, "என் முஷ்டியும் சின்னது, கையும் கட்டை. அதான் சரியாப் போச்சு" என்றாய். அந்த ஒன்றை மட்டும் உன் கையிலிருந்து நான் பிடுங்கவில்லை. அதனால்தானோ என்னவோ, அந்த நோட்டில் உனக்கு நன்றாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

ஒரு வருடம் முழுக்கக் குறித்தோம். நீ பாதி நாள் வருவாய், பாதி நாள் பந்து விளையாடப் போவாய். நான் விடவில்லை. மார்கழியில் சூரியன் இடது கோடிக்குப் போய்த் திரும்பியது. வைகாசி முதல் பாதியில் வலது பக்கம் வாரத்துக்கு, நீட்டிய கையில் ஒரு விரல் அகலம் நகர்ந்துகொண்டிருந்தபோது சாரல் பிடித்தது. உனக்கே தெரியும், மலைமேல் மேகம் உட்கார்ந்தால் மலையே தெரியாது, சூரியனுக்கு எங்கே போவது? ஏழு வெள்ளிக்கிழமை ஒன்றும் தெரியவில்லை. ஆடி பிறந்து மேகம் கலைந்தபோது சூரியன் ஏறக்குறையப் பழைய இடத்துக்குத் திரும்பியிருந்தது. நோட்டில் ஏழு வரி காலியாகக் கிடந்தது.

காலாண்டுப் பரீட்சைக்குப் பிறகு அறிவியல் கண்காட்சி என்று உன் சார் சொன்னதும், அந்த நோட்டை அட்டையில் பெரிதாக எழுதித் தருகிறேன் என்று சொன்னவள் நான். "உன் பேரையும் போடட்டுமாக்கா?" என்று கேட்டாய். உன் வகுப்புப் பையன்கள் சிரிப்பார்கள் என்று சொல்லி மறுத்துவிட்டேன். எழுதும்போது அந்த ஏழு வரி என் கண்ணை உறுத்தியது, அழகான சேலையில் பொத்தல் விழுந்த மாதிரி. இந்தப் பக்கம் ஒரு புள்ளி, அந்தப் பக்கம் ஒரு புள்ளி, நடுவில் ஏழு வாரம். வாரம் ஒரு விரலாக நான்கு வாரம் வலதுபக்கம் போனது, மறுபடி வாரம் ஒரு விரலாகத் திரும்பி வந்தது என்று வைத்து நிரப்பினேன். கணக்கு அவ்வளவு சுத்தமாக வந்தது. வலது கோடிப் புள்ளி சரியாக மலைமேல் இருக்கிற போன் டவரில் போய் நின்றது. நீ பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாய்.

"இந்த வாரமெல்லாம் பாத்தியாக்கா? மழைல்ல பேஞ்சுச்சு?"

"மேகம் மறைச்சா முப்பதைப் பூர்த்தி பண்றோம்ல, அது மாதிரிதான்" என்றேன்.

நீ தலையாட்டிவிட்டுப் பென்சிலை என்னிடம் கொடுத்தாய். உனக்கு அது நியாயமாகப் பட்டது. எனக்கும் அப்படித்தான் பட்டது. பிறை தெரியாவிட்டால் மாதத்தை முப்பதாக நிரப்பிக்கொள்கிற வீட்டில் பிறந்தவள் நான். காலி இடத்தை எண்ணிக்கையால் நிரப்புவது சரியான வழி என்று மனதாரவே நம்பினேன்.

கண்காட்சியில் நடந்ததை நீ வந்து சொன்னாய். பார்க்க வந்த ஐயா ஒருவர் மழைக்காலத்தில் என்ன செய்தாய் தம்பி என்று கேட்டார். ஒரு வாரம்கூட விடவில்லை என்று நீ சொல்லிவிட்டாய். அட்டையில் அப்படித்தானே இருந்தது. அவர் உன் தோளைத் தட்டி, எல்லோரையும் கூப்பிட்டு, சாரலில் நனைந்துகொண்டே மாடியில் நின்று பார்த்த பையன் என்று உன்னைக் காட்டினார். மதுரைப் பக்கத்து விடுதிப் பள்ளிக்கு உன் பெயரை எழுதி அனுப்பியதும் அவர்தான். பன்னிரண்டாம் வகுப்பு வரை சோறும் படிப்பும் அவர்கள் பொறுப்பு என்ற கடிதத்தில், விடாமுயற்சி உள்ள மாணவன் என்று ஒரு வரி இருந்தது. அத்தா அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஜும்மா முடிந்து வருகிற அத்தனை பேரிடமும் காட்டினார்கள். அன்றைக்கு நான் அடுப்படியில் நின்றுகொண்டு, யாருக்கும் தெரியாமல், அந்த வரியை எனக்கே சொன்னதாக நினைத்துச் சிரித்தேன்.

இந்த வருடம் சாரல் தள்ளிப்போனது. மூன்று வாரத்துக்கு முன்னால் துணி எடுக்கப் போனவள் பழக்கத்தில் கால்தடத்தில் நின்றேன். மலை துடைத்து வைத்த மாதிரி இருந்தது. சூரியன் டவருக்குப் போகவில்லை. அதற்கு மூன்று விரல் இடதுபக்கமே இறங்கிவிட்டது. இடம் மாறி நிற்கிறேனோ என்று குனிந்து பார்த்தேன். கால் சரியாகத்தான் இருந்தது. அடுத்த வெள்ளி அதே இடம். அதற்கடுத்த வெள்ளியும் அதே இடம்தான், ஒரு நகக்கண் அளவு கூட நகர்ந்ததாகத் தெரியவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கோடியை நெருங்க நெருங்க அது மெதுவாகிவிடுகிறது. திரும்புவதற்கு முன்னால் பல வாரம் அங்கேயே தயங்கி நிற்கிறது. வாரம் ஒரு விரல் என்று நான் ஓட்டிய சூரியன் உலகத்திலேயே கிடையாது. பழைய நோட்டை எடுத்து மார்கழிப் பக்கத்தைப் பார்த்தேன். இடது கோடியிலும் அது அப்படியே நின்றிருக்கிறது, என் கையெழுத்திலேயே இருக்கிறது. கண்ணுக்கு எதிரே இருந்ததைக் கூடப் பார்க்காமல்தான் நிரப்பியிருக்கிறேன்.

அன்று மாலை அத்தாவுக்கு டீ கொடுக்கும்போது சுற்றி வளைத்துக் கேட்டேன். மேகம் மறைத்தால் முப்பது என்று எடுத்துக்கொள்கிறோமே, அது பொய் ஆகாதா என்று. அத்தா டம்ளரைக் கீழே வைத்தார்கள்.

"அதெப்படி ஆத்தா பொய்யாகும்? பிறை தெரியலைன்னு பள்ளிவாசல் மைக்ல சொல்லிட்டுத்தான எண்ணுறாக. பாத்தேன்னு ஒருத்தரும் சொல்லலையே."

அவ்வளவுதான் சொன்னார்கள். பிறகு உனக்கு ஸ்வெட்டர் வேண்டுமா, மதுரையில் குளிர் இருக்காதே என்று பேச்சு போய்விட்டது. நான் டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். நிரப்பியதில் குற்றம் இல்லை. தெரியவில்லை என்று முதலில் சொல்லாததுதான் குற்றம்.

உன்னிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் உன்னை விட்டால் எனக்கு யாரிடம் சொல்லத் தெரியும்? மாடிக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். நீ அட்டையையும் மலையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாய். உன் முகம் சின்னதாகிப் போனது. "அப்ப நான் பொய் சொல்லித்தான் அங்கன போறேனா?" என்று கேட்டாய். நான் தப்பாக எழுதியதற்கு நீ என்ன செய்வாய் என்றேன். "ஒரு வாரம்கூட விடலைன்னு சொன்னது நீ இல்லையே, நான்தானே" என்றாய். பிறகு, "சார்ட்ட போவோம், நீயே வந்து சொல்லுக்கா, நான் சொன்னா நம்ப மாட்டாக" என்றாய். சரி என்று சொல்லிவிட்டேன். ஐந்து வருடத்துக்குப் பிறகு அந்தப் பள்ளிக்கூட வாசலுக்குள் கால் வைத்தேன். சார் எழுந்து நாற்காலி எல்லாம் போட்டார். இவன் அக்காவா, நீங்கதான் வளர்த்தீங்களாமே என்றார். நான் வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த இரண்டு வாக்கியம் எங்கே போனது என்று தெரியவில்லை.

"டி.சி. எப்ப கிடைக்கும் சார்?" என்று கேட்டேன்.

அவர் நாளைக்கு என்றார். நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்துவிட்டேன். நீ என்னைப் பார்த்தது எனக்குத் தெரியும், நான் உன்னைப் பார்க்கவில்லை. வீடு வரை நீ எனக்கு முன்னால் நடந்தாய். அன்றிலிருந்து பெட்டியை நீயே அடுக்குகிறாய், சோற்றை நீயே போட்டுக்கொள்கிறாய். இத்தனை நாளும் உன் கையிலிருந்து நான் வாங்கியதை எல்லாம் நான்கே நாளில் நீ திருப்பி வாங்கிக்கொண்டாய்.

அங்கே விடுதியில் ஓய்வு நேரம் நிறைய இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியங்கள் நீளமாக இருக்கும், வீட்டு ஞாபகம் வரும். அப்போது எதையாவது கையால் செய். நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு அது எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணு. வேப்பமரத்தின் நிழலை அடியால் அளந்து மரத்தின் உயரத்தைக் கண்டுபிடி. யாருக்கும் காட்டுவதற்காகச் செய்யாதே. கோணலாக வந்தால் கோணலாகவே வைத்துக்கொள். பக்கத்தில் இருப்பவன் "குடு, நான் பண்றேன்" என்றால் கொடுக்காதே, அவன் உன்மேல் எவ்வளவு பிரியமாக இருந்தாலும். உன் கை நீளத்துக்கு உன் முஷ்டிதான் சரியான அளவு. பார்க்க முடியாத நாளில் பார்க்கவில்லை என்று எழுது. அந்த ஒரு வார்த்தைக்கு நோட்டில் இடம் விடு. இதைத் தவிர உனக்குச் சொல்லிக்கொடுக்க என்னிடம் வேறு எதுவும் இல்லை. இதையும் நான் தாமதமாகத்தான் கற்றேன்.

பழைய அட்டையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் அவர்கள் உன்னைப் பாராட்டி வைத்துக்கொள்வார்கள் என்று எழுதத்தான் ஆசை. அப்படி நடக்கும் என்று எனக்கு நிச்சயமில்லை. திருப்பி அனுப்பிவிட்டால் அத்தா பஜாரில் எப்படி நடப்பார்கள்? சொல்லாமல் இருந்துவிடு என்று எழுதவும் முடியவில்லை. இரவில் நீ தூங்காமல் அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை இந்த நான்கு நாளும் பார்க்கிறேன். அம்மாவாக இருந்தால் இரண்டில் ஒன்றைச் சொல்லியிருப்பார்கள். நான் இரண்டு பக்கமும் யோசித்து நடுவிலேயே நிற்கிறேன்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். நீ திரும்பி வந்துவிட்டால் எனக்குள் ஒரு மூலையில் சந்தோஷமாக இருக்கும். அது எனக்கு நன்றாகத் தெரிகிறது, பயமாகவும் இருக்கிறது. மதியம் இரண்டு மணிக்குப் பிறகு இந்த வீட்டில் யாருக்காகக் காத்திருப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இப்படி ஒரு ஆசையை வைத்துக்கொண்டு நான் உனக்காக முடிவு செய்யக் கூடாது. செய்தால் மறுபடியும் உன் வேலையை நான் செய்ததாகிவிடும்.

அதனால் இந்தக் கடிதத்தோடு இன்னொரு தாள் வைத்திருக்கிறேன். முழுப் பட்டியலையும் புதிதாக எழுதியிருக்கிறேன். ஏழு வரியில் தெரியவில்லை என்று இருக்கும். அடியில், இதைப் பார்த்துக் குறித்ததும் தப்பாக நிரப்பியதும் நான் என்று என் முழுப்பெயரைப் போட்டு, ஒன்பதாம் வகுப்பு வரை என்றும் எழுதியிருக்கிறேன். அதை வைத்த கவரை ஒட்டவில்லை. உன் புது வாத்தியாரிடம் கொடுத்தாலும் சரி, நீயே வைத்துக்கொண்டாலும் சரி. என்ன செய்தாய் என்று எனக்கு எழுத வேண்டாம்.

அத்தா வண்டிச் சத்தம் கேட்கிறது. நீ வாளியை இறக்கும்போது நான் வந்து பிடிக்க மாட்டேன்.

அக்கா